சுவிசேஷம் ஒரு மனிதனை உண்மையிலேயே மாற்றுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களோடு உட்கார்ந்து வேதம் வாசிக்கும் பணியில் இருக்கிறேன். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் அப்படியே இருக்கின்றன. அதிலும் கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, ஒருவர் மட்டும் தயங்கி நின்று கேட்கிற கேள்விகள்தான் அதிகம். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாக வாசித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பித்தான் நிற்கின்றன.

சுவிசேஷம்னா நல்லவங்களா வாழணும்ங்கிற போதனைதானே?

இல்லை. நல்லவர்களாக வாழச் சொல்லும் போதனை உலகத்தில் ஏராளமாக இருக்கிறது. சுவிசேஷம் என்பது நடந்த ஒரு காரியத்தின் அறிவிப்பு. பவுல் அதை 1 கொரிந்தியர் 15-ல் சுருக்கமாகச் சொல்கிறார்: கிறிஸ்து நமது பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார். அந்த வசனங்களில் "நீ இதைச் செய்" என்று ஒரு சொல்கூட இல்லை. செய்ய வேண்டியதைச் செய்து முடித்தவர் அவர்.

அப்படியானால் கட்டளைகள் எதற்கு என்று கேட்பீர்கள். பத்துக் கட்டளைகள் எப்படித் தொடங்குகின்றன என்று யாத்திராகமம் 20-ஐத் திறந்து பாருங்கள். "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்பதுதான் முதலில் வருகிறது. விடுதலை முதலில், கட்டளை பிறகு. கட்டளையை ஒழுங்காகக் கைக்கொண்டால் எகிப்திலிருந்து வெளியே கொண்டுவருவேன் என்று தேவன் பேரம் பேசவில்லை. இந்த வரிசையை மட்டும் மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள பாதிக் குழப்பங்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதால் வருபவை.

சரி, ஒரு செய்தியைக் கேட்டதுக்காக ஒருத்தன் எப்படி மாறுவான்?

லூக்கா 19-ல் வரும் சகேயுவைப் பாருங்கள். வரி வசூலிப்பவர்களின் தலைவன், ஐசுவரியவான், ஊருக்கே வேண்டாதவன். இயேசுவைப் பார்க்கக் காட்டத்தி மரத்தில் ஏறியிருக்கிறான். இயேசு நிமிர்ந்து பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்கிறார். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடு, அப்புறம் வருகிறேன் என்று சொல்லவில்லை. ஊர் முறுமுறுத்ததே அதனால்தான்.

பிறகு சகேயு எழுந்து நின்று சொன்னதைக் கவனியுங்கள். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாகத் திரும்பும். தானாக ஒத்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பவன், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது லேவியராகமம் 6-ல் உள்ள சட்டம். யாரும் கேட்காமலே அவன் நான்கு மடங்குக்குப் போய்விட்டான். பணம் அதுவரை அவனுக்கு வெறும் பணமாக இருக்கவில்லை. ஊரே ஒதுக்கியவனுக்கு அதுதான் பாதுகாப்பு, அதுதான் மரியாதை. அந்த இரண்டும் வேறொருவரிடமிருந்து இலவசமாகக் கிடைத்துவிட்ட பிறகு, பணத்தைப் பிடித்திருந்த கை தளர்ந்துவிட்டது. சுவிசேஷம் இப்படித்தான் வேலை செய்கிறது. கெட்ட பழக்கத்தோடு நேரடியாக மல்லுக்கு நிற்பதற்கு முன், அந்தப் பழக்கம் எந்தப் பசிக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்ததோ அந்தப் பசியைத் தீர்க்கிறது.

இது வெறும் உணர்ச்சி வேகமும் அல்ல. "உங்களுக்கு நவமான இருதயத்தைக் கொடுப்பேன்" என்று எசேக்கியேல் 36-ல் தேவன் வாக்குக் கொடுத்திருக்கிறார். விசுவாசிக்கிறவனுக்குள் பரிசுத்த ஆவியானவர் வந்து வாசம்பண்ணுகிறார் என்பது நம்முடைய விசுவாசம். செய்தி காதில் விழுகிறது. உள்ளே அதைப் பிடித்துக்கொள்ள வைப்பவர் அவர்.

விசுவாசிச்ச அன்னைக்கே எல்லாம் மாறிடுமா? 'எல்லாம் புதிதாயின'ன்னுதானே வசனம் இருக்கு?

2 கொரிந்தியர் 5:17 அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த வசனம் எந்தச் சபைக்கு எழுதப்பட்டது? கொரிந்து சபைக்கு. கட்சி கட்டிக்கொண்டு சண்டை போட்டவர்கள், ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டவர்கள், கர்த்தருடைய பந்தியிலேயே ஏழைகளைப் பட்டினி போட்டவர்கள். அவர்களைப் பார்த்துத்தான் பவுல் 'புதுச்சிருஷ்டி' என்கிறார். அதே ஆட்களைத் திருத்தவும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்.

இரண்டும் உண்மை என்பதுதான் விஷயம். தேவனுக்கு முன்பாக உங்கள் நிலை ஒரே நாளில் மாறுகிறது. மன்னிக்கப்பட்டீர்கள், நீதிமானாக்கப்பட்டீர்கள், பிள்ளையாக்கப்பட்டீர்கள். இதில் பாதி, முக்கால் என்று கிடையாது. உங்கள் சுபாவம், பேச்சு, பழக்கம், பயம் இவை மாறுவது ஆயுசு முழுவதும் நடக்கிற வேலை. சிலருக்குக் குடி ஒரே இரவில் விட்டுப்போகிறது, ஆனால் கோபம் இருபது வருஷம் கூடவே வருகிறது. ஏன் இது சீக்கிரம், அது மெதுவாக என்பது தேவனுடைய ஞானத்தைச் சேர்ந்தது.

'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதிய ஆங்கிலேயப் போதகர் ஜான் நியூட்டனின் வாழ்க்கை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு; வேதனையான எடுத்துக்காட்டும்கூட. 1748-ல் கடலில் பெரும் புயலில் சிக்கியபோது தேவனை நோக்கிக் கூப்பிட்டார். அதைத் தன் மனமாற்றத்தின் தொடக்கமாக எண்ணினார். ஆனால் அதற்குப் பிறகும் ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களில் வேலை செய்தார், கேப்டனாகவும் இருந்தார். 1754-ல் உடல்நலம் கெட்டுத்தான் கடலை விட்டார். அந்த வியாபாரத்தை வெளிப்படையாகக் கண்டித்து, தன் பங்குக்கு வெட்கப்பட்டு அவர் எழுதியது 1788-ல். பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்த 1807-ல்தான் இறந்தார். புயலுக்கும் அந்த எழுத்துக்கும் இடையில் நாற்பது வருஷம். இதைச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நாற்பது வருஷத்தின் விலையை வேறு மனிதர்கள் செலுத்தினார்கள். ஒரு விசுவாசியின் கண்ணில் எவ்வளவு பெரிய குருடு மிச்சமிருக்க முடியும் என்று நாம் பயப்படுவதற்காகவே சொல்கிறேன்.

எனக்குப் பெரிய சாட்சி எதுவும் இல்லை. சின்ன வயசுலேருந்து சபையிலதான் இருக்கேன். அப்போ நான் மாறவே இல்லையா?

அப்போஸ்தலர் 16-ல் ஒரே ஊரில் இரண்டு பேர் விசுவாசிக்கிறார்கள். லீதியாள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தார். அவ்வளவுதான், சத்தமில்லை. சிறைச்சாலைக்காரனுக்கோ பூமியே அதிர வேண்டியிருந்தது. வேதம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. தீமோத்தேயு பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் வழியாகக் குழந்தைப் பருவத்திலிருந்தே வேதத்தை அறிந்தவன். அவன் மனந்திரும்பிய தேதி எங்கும் எழுதப்படவில்லை.

இன்று உங்கள் நம்பிக்கை எதன்மேல் இருக்கிறது என்பதுதான் கேள்வி. கிறிஸ்துவின்மேலா, இல்லை 'நல்ல சபைப் பிள்ளை' என்ற பேரின்மேலா? பின்னது என்றால், கொலைகாரனுக்கு எவ்வளவு மனந்திரும்புதல் தேவையோ அவ்வளவு உங்களுக்கும் தேவை.

இரட்சிக்கப்பட்ட பிறகும் அதே பாவத்துல திரும்பத் திரும்ப விழுறேன். நான் உண்மையிலேயே இரட்சிக்கப்படலையோ?

அதிகமாகக் கேட்கப்படுகிற கேள்வி இது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் தலை குனிந்துதான் கேட்கிறார்கள். முதலில் இதைச் சொல்கிறேன்: அந்தப் பாவம் உங்களை வாட்டுகிறது என்பதே லேசான விஷயமல்ல. மரத்துப்போன கையைக் கிள்ளினால் வலிக்காது. வலிக்கிறது என்றால் ரத்தம் ஓடுகிறது. மாம்சம் ஆவிக்கு விரோதமாகவும் ஆவி மாம்சத்துக்கு விரோதமாகவும் இச்சிக்கிறது என்று கலாத்தியர் 5:17 சொல்வது விசுவாசிகளைப் பற்றித்தான். நமக்குப் பாவமில்லையென்று சொன்னால் நம்மை நாமே வஞ்சிக்கிறோம் என்று யோவான் எழுதியபோது, தன்னையும் சேர்த்துக்கொண்டு 'நாம்' என்றுதான் எழுதினார்.

ஆனாலும் துக்கத்தில் இரண்டு வகை உண்டு. பிடிபட்டுவிட்டோமே, பேர் கெட்டுவிட்டதே என்ற துக்கம் மனிதனை ஒளிய வைக்கும். தேவனுக்கேற்ற துக்கம் வெளிச்சத்துக்கு வர வைக்கும். 2 கொரிந்தியர் 7:10 இவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. உங்களுடையது எது என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. நம்பகமான ஒரு மூத்த விசுவாசியிடமோ போதகரிடமோ போய், சுற்றி வளைக்காமல், அந்தப் பாவத்தை அதன் பேரைச் சொல்லி ஒத்துக்கொள்ள முடிகிறதா? 'கொஞ்சம் பலவீனம் இருக்கு, ஜெபிச்சுக்கோங்க' என்பது ஒத்துக்கொள்வது ஆகாது. குடி, சூது, ஆபாசம் போன்ற அடிமைத்தனமாக இருந்தால் மருத்துவ உதவியும் தேடுங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை.

மன்னிப்பு நிச்சயம்னா, தைரியமா பாவம் செய்யலாமே?

பவுலிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள். "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே" என்பது ரோமர் 6-ன் தொடக்கம். சுவிசேஷத்தைச் சரியாகச் சொன்னால் இந்தக் கேள்வி எழத்தான் செய்யும். எழவில்லை என்றால், சொன்னவர் எங்கோ ஒரு நிபந்தனையைச் செருகிவிட்டார் என்று நான் சந்தேகப்படுவேன்.

பதில் சகேயுவிடம் ஏற்கெனவே இருக்கிறது. இலவசமாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன், 'அப்படியானால் இன்னும் கொஞ்சம் சுரண்டலாம்' என்று கணக்குப் போடவில்லை. அப்படிக் கணக்குப் போடுகிறவனுக்கு மன்னிப்பு ஒரு வசதியாகத் தெரிகிறதே தவிர, மன்னித்தவரை அவன் இன்னும் சந்திக்கவில்லை.

மாத்துறது தேவன்தான்னா, நான் என்னதான் செய்யணும்? சும்மா காத்திருக்கவா?

பிலிப்பியர் 2:12-13 இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. பயத்தோடும் நடுக்கத்தோடும் பிரயாசப்படுங்கள். ஏனென்றால் விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே. அவர் செய்வதால் நீங்கள் சும்மா இருக்கலாம் என்று இல்லை. அவர் செய்வதால்தான் உங்கள் பிரயாசம் வீண்போகாது. வேத வாசிப்பு, ஜெபம், சபை ஐக்கியம், திருவிருந்து இவையெல்லாம் பழைய வழிகள்தான். இவற்றுக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றைத் தேடி அலைய வேண்டாம்.

எபேசியர் 4:28-ஐப் பாருங்கள். திருடுகிறவன் இனித் திருடக் கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. அவன் தன் கையால் வேலை செய்யவேண்டும். அதுவும் குறைச்சலுள்ளவனுக்குக் கொடுப்பதற்காக. எடுத்த கை கொடுக்கிற கையாகும்வரை பவுலுக்கு வேலை முடியவில்லை. நாம் பெரும்பாலும் 'திருடுவதை விட்டாச்சு' என்ற இடத்திலேயே சாட்சி சொல்லி உட்கார்ந்துவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர் பெரிய கோபக்காரர். விசுவாசத்துக்கு வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஒருநாள் அவர் மகன் கை தவறிக் கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டுவிட்டான். பையன் உடைந்த கண்ணாடியைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தான். அந்தப் பார்வையில் தன்னைக் கண்டுகொண்டதாக அவர் சொன்னார். அன்று கத்தவில்லை, அது ஒரு படி. பிறகு பையன் பக்கத்தில் உட்கார்ந்து, 'இதுவரைக்கும் உன்னைப் பயமுறுத்தி வச்சிருந்தேன், என்னை மன்னிச்சிடு' என்று கேட்டார். அதுதான் எபேசியர் 4:28-ன் அடுத்த படி.

எவ்வளவோ ஜெபிச்சும் மனச்சோர்வு போகலை. சுவிசேஷம் எனக்கு மட்டும் வேலை செய்யலையா?

எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து 'போதும் கர்த்தாவே' என்று சாகக் கேட்டான். தேவன் திட்டவில்லை, தூங்கவிட்டு, எழுப்பிச் சாப்பாடு கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார். பவுல் 'முள்' என்று சொன்ன தன் வேதனை நீங்கும்படி மூன்று தரம் கேட்டார். அது நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. நியூட்டனோடு சேர்ந்து கீர்த்தனைகள் எழுதிய வில்லியம் கூப்பர் ஆழ்ந்த விசுவாசி. கடும் மனச்சோர்வு அவருக்கு வாழ்நாளெல்லாம் மறுபடி மறுபடி வந்தது. உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றிருக்கிறார். அவருடைய பாடல்கள் இன்றும் சபைகளில் பாடப்படுகின்றன.

மனச்சோர்வு ஒரு நோயாகவும் இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள், மாத்திரை கொடுத்தால் சாப்பிடுங்கள். விசுவாசம் இருந்தால் மாத்திரையைத் தூக்கிப்போடு என்று சொல்பவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும் கேட்காதீர்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள். அந்த நிமிஷமே யாரையாவது கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

கிறிஸ்தவங்க இல்லாத எவ்வளவோ பேர் எங்களைவிட நல்லவங்களா இருக்காங்களே?

இருக்கிறார்கள், அதை மனதாரச் சொல்லலாம். சுவிசேஷம் நல்லவர்களுக்குக் கொடுக்கும் பரிசு அல்ல என்று முதல் கேள்வியிலேயே பார்த்தோம். மருத்துவமனைக்குள் ஆரோக்கியமானவர்களைத் தேட மாட்டோம். பிணியாளிகளுக்குத்தான் வைத்தியன் வேண்டும் என்று இயேசுவே சொன்னார். ஒவ்வொருவரும் கிளம்பிய இடம் வேறு. அன்பான வீட்டில் வளர்ந்த ஒருவரின் பொறுமையையும், அடி வாங்கியே வளர்ந்த ஒருவரின் பொறுமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்க முடியாது.

ஆனால் இதை வைத்து நம் அசட்டையை மூடவும் கூடாது. அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார். 'சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி' நடக்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதிலேயே சுவிசேஷம் தெரிந்துவிடும். பிறப்பைப் பார்த்துப் பந்தியில் ஆளைப் பிரிக்கிற சபை, அப்போஸ்தலனே ஆனாலும் பவுல் விடவில்லை என்பதை வாசிக்கட்டும்.

மனசு மாறுறது எல்லா மதத்துலயும் நடக்குது. இது வெறும் மனோதத்துவம்தானே?

வாழ்க்கை மாற்றம் பல காரணங்களால் வரும் என்பது உண்மை. ஆலோசனை, நல்ல நண்பர்கள், ஒரு பெரிய இழப்பு, ஏன், வயதுகூட மனிதனை மாற்றும். ஆகவே 'நான் மாறினேன், அதனால் இது மெய்' என்று மட்டும் வாதாடாதீர்கள். பவுல் அப்படி வாதாடவில்லை. கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்று 1 கொரிந்தியர் 15-ல் பச்சையாகச் சொல்லிவிடுகிறார். சபைகளைத் துன்பப்படுத்தியவன் அப்போஸ்தலனான கதை அவருடையது. உலகத்திலேயே பெரிய சாட்சி. அதைக்கூட அவர் அஸ்திபாரமாக வைக்காமல், உயிர்த்தெழுந்தவரைக் கண்ட சாட்சிகளைப் பேர் சொல்லி வரிசைப்படுத்துகிறார். நம் மாற்றம் அந்த நிகழ்ச்சியின் விளைவு. விளைவு தடுமாறும் நாளில் நிகழ்ச்சி தடுமாறாது. அதனால்தான் மோசமான வாரத்திலும் விசுவாசிக்க முடிகிறது.

என் வீட்டுக்காரர் சபையில அருமையா சாட்சி சொல்றார். வீட்டுல அடிக்கிறார். மன்னிச்சுட்டு அமைதியா இருக்கச் சொல்றாங்க. நான் என்ன செய்யறது?

முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. காவல்துறையிடம் புகார் கொடுப்பது பாவமல்ல. தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் அதிகாரத்தைத் தேவனே ஏற்படுத்தியிருக்கிறார் என்பது ரோமர் 13. உங்களை மட்டும் அமைதியாக இருக்கச் சொல்லி, அவரை மேடையில் நிற்கவிடுகிறவர்கள் சுவிசேஷத்துக்கு ஊழியம் செய்யவில்லை. அவருடைய பேரைக் காப்பாற்றுகிறார்கள்.

மன்னிப்பு வேறு, நம்பி வீட்டுக்குத் திரும்புவது வேறு. அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைக் கொல்லவும் வைத்த தாவீது ராஜா மனந்திரும்பினான், மன்னிக்கப்பட்டான். செய்ததின் விளைவுகள் நீங்கவில்லை. மனந்திரும்பிய மனிதன் எப்படியிருப்பான் என்று சகேயுவிடம் பார்த்தோமே. எவ்வளவு திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அவனே வாய் திறந்து சொன்னான். 'என்னை எப்போ மன்னிப்பே, எப்போ திரும்பி வருவே' என்று அடிபட்டவரை நெருக்குகிறவரிடம் அந்த அடையாளம் இல்லை.

நான் மாறினா, இன்னும் விசுவாசிக்காத என் குடும்பமும் கண்டிப்பா மாறும்தானே?

மாறலாம். போதனையின்றி, நடக்கையினாலேயே கணவர்கள் ஆதாயப்படுத்தப்படலாம் என்று 1 பேதுரு 3 சொல்கிறது. ஆனால் கண்டிப்பாக என்று சொல்ல எனக்கு வசனம் இல்லை. புருஷனை இரட்சிப்பாயோ இல்லையோ உனக்கு எப்படித் தெரியும் என்றுதான் 1 கொரிந்தியர் 7 கேட்கிறது. மோனிக்கா தன் மகன் அகுஸ்தீனுக்காகப் பல வருஷம் அழுது ஜெபித்தார். 386-ல் மிலான் நகரில் ஒரு தோட்டத்தில் ரோமர் 13-ஐ வாசித்து அகுஸ்தீன் மனம் திரும்பினார். அடுத்த வருஷமே மோனிக்கா இறந்துவிட்டார். பலன் காண அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். சிலருக்கு அதுவும் கிடைப்பதில்லை.

உங்கள் நல்ல நடத்தையை அவர்களை மாற்றும் கருவியாக்கிவிடாதீர்கள். தன்னைத் திருத்துவதற்காகவே அன்பு காட்டுகிறார்கள் என்பது எந்த மனிதருக்கும் தெரிந்துவிடும்.

ரொம்ப வருஷமா விசுவாசியா இருக்கேன். வளர்றேனா இல்லையான்னே தெரியலை. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பவுல் தன்னைப் பற்றி எழுதியதை வரிசையாகப் பாருங்கள். கொரிந்தியருக்கு எழுதும்போது, 'அப்போஸ்தலரெல்லாரிலும் நான் சிறியவன்'. பிறகு எபேசியருக்கு, 'பரிசுத்தவான்களெல்லாரிலும் சிறியவனாகிய நான்'. கடைசிக் காலத்தில் தீமோத்தேயுவுக்கு, 'பாவிகளில் பிரதான பாவி நான்'. வளர வளரத் தன்னைப் பற்றிய மதிப்பீடு கீழே போகிறது. கிறிஸ்துவைப் பற்றியது மேலே போகிறது. ஆகவே 'முன்னைவிட மோசமானவனாகத் தெரிகிறேன்' என்பது தேய்வாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. வெளிச்சம் கூடியிருக்கலாம்.

எத்தனை கூட்டம், எத்தனை அதிகாரம், எத்தனை உபவாசம் என்று எண்ண வேண்டாம். கலாத்தியர் 5-ல் உள்ள ஆவியின் கனியை எடுத்துக்கொள்ளுங்கள்: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். இதில் பெரும்பாலானவை தனியாக இருக்கும்போது தெரியவே தெரியாது. பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அதனால் உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களிடமோ, உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்களிடமோ கேளுங்கள்: 'ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இருந்ததுக்கு இப்போ என்கூட இருக்கிறது சுலபமா இருக்கா?' கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லும் பதிலுக்கு விளக்கம் கொடுக்காமல் கடைசிவரை கேட்டுக்கொள்ளுங்கள்.